என் பகிடிக்கு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிக்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். அதிலும் படிவம் நிரப்பத் தெரிந்த மடையன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, காணி உறுதி என்று எதற்கும் சனம் என்னிடம்தான் வரும். கையொப்பம் கோட்டுக்கு மேலா கீழா என்று கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுச் சொல்லுவேன். அந்தக் கோட்டுக்கு வெளியே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போன வருடம்தான் தெரியவந்தது.

எங்கள் ஒழுங்கையில் எனக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறார். கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கித்தான் சீவியம். விடிய ஆறரையிலிருந்து மத்தியானம் வரை குந்தியிருக்கிற வேலை. வலது முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனிக் குந்தக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். குந்தாமல் புல்லுப் பிடுங்குவது எப்படி என்று சொல்லவில்லை. வறிய குடும்பங்களுக்கு மாதா மாதம் வங்கியில் அரசாங்கம் காசு போடப்போகிறது என்ற கதை வந்தபோது, அவர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காசு வந்தால் கிழமையில் மூன்று நாளாவது முழங்காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்.

வீடு வீடாகப் பதிய ஆள் வருகிற நாளன்று காலையில் கடைக்கு வந்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து நில்லுங்கோ. அவை கேக்கிறதுக்கு நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போடுவன்."

பிழை வரக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டார். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

வந்தது ஒரு இளம் பிள்ளை. கையில் பதிவதற்கு ஒரு டப் கணினி. வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. கூரை ஓடா தகரமா, கிணறு சொந்தமா பங்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் பயந்து பயந்து உண்மையைச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகவே போனது.

"வெளிநாட்டில இருந்து ஆரும் காசு அனுப்புறவையோ?"

"இல்லைப் பிள்ளை."

உண்மைதான். அவருக்குச் சுவிஸில் ஒரு தம்பி இருக்கிறான். பதினைந்து வருடத்தில் அவன் அனுப்பியது ஒரே ஒரு பார்சல். உருகிப்போன சொக்கிலேற்றும், பனிக்குப் போடுகிற தடித்த கோட்டு ஒன்றும். கோட்டு இப்போது ஒரு வெங்காயத் தோட்டத்தில் காகம் விரட்ட நட்டிருக்கிற வெருளியின் மேல் கிடக்கிறது. குடாநாட்டிலேயே குளிருக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரே வெருளி அதுதான். ஒழுங்கை முழுக்க அந்தத் தம்பியை வைத்துப் பகிடி. தொடங்கி வைத்தவன் நான். அவர் கடையில் மிச்சக்காசு கேட்டால், "சுவிஸ் பாங்குக்கு அஞ்சு ரூபாவோ" என்பேன். அவரும் சிரிப்பார்.

ஆகவே வாய் சும்மா கிடக்கவில்லை.

"என்ன தங்கச்சி, இல்லையெண்டுறீர். பிள்ளை, உவவின்ரை தம்பி மாசா மாசம் அள்ளியெல்லோ அனுப்புறான். தோட்டத்தில வெருளிக்கே கோட்டுப் போட்டு விட்டிருக்கினம்."

அவர் சிரித்தார். நான் சிரித்தேன். அந்தப் பிள்ளையும் சிரித்தது. சிரித்தபடியே டப்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டியது. எதைத் தட்டியது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பகிடி எடுபட்ட சந்தோசத்தில் தேத்தண்ணி வேறு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. காரணம், வெளிநாட்டு வருமானம்.

அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனேன்.

"அது நான் விட்ட பகிடி, சேர்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவில்லை. "பகிடியெண்டு பதிய இதில இடமில்லை ஐயா. வருமானம் இருக்கு, இல்லை. ரெண்டுதான்."

"அப்ப இல்லையெண்டு மாத்திவிடுங்கோ."

"அதுக்கு அத்தாட்சி வேணும்."

கிராம அலுவலர் விதானையாரின் கடிதம், வங்கியின் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தான் காசு அனுப்புவதில்லை என்று தம்பி எழுதிக் கையொப்பமிட்ட கடிதம்.

"அவன்ரை நம்பரே என்னட்டை இல்லை சேர்," என்றார் அவர்.

"அப்ப அவர் காசு அனுப்பேல்லையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குக் கோபம் வருவது குறைவு. வந்தாலும் அதை ஒரு பகிடியாக்கி விற்றுவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. நான் சொன்ன பொய்யை விரலின் ஒரே தட்டலில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு விதானை வேண்டியிருக்கவில்லை, வங்கி வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்ன உண்மைக்கு மட்டும் இத்தனை கடிதம். அந்த வீங்கின முழங்கால் மேசைக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றது. அதைப் பார்க்க எந்தப் படிவத்திலும் இடமில்லை, இருங்கோ என்று சொல்ல ஒரு வாயும் இல்லை. பதிய வந்த பிள்ளையில் எனக்குக் கோபமில்லை, அதுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுத்து விரட்டியிருப்பார்கள். குளிரூட்டிய அறையில் இருந்து இந்தக் கேள்விகளைச் செய்தவர்களில்தான் கோபம். இல்லாதவன் ஒருவன்கூடத் தவறிப்போகக் கூடாது என்று அவர்கள் மினைக்கெடவில்லை. இருக்கிறவன் ஒருவன் தப்பித்தவறி எடுத்துவிடுவானோ என்ற பயத்திலேயே முழு மூளையும் செலவழிந்துவிட்டது. இருக்கிறவன் எப்படியும் எடுப்பான், அவனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

இதைவிட மோசம் எங்கள் ஒழுங்கை. இத்தனை வருடமாகப் பகிடி என்று தெரிந்து சிரித்த சனம், "கந்தோரே சொல்லுதெண்டால் ஏதோ வரத்தான் செய்யுது போல" என்று கதைக்கத் தொடங்கியது. வெருளியின் கோட்டைக்கூட ஒருவர் சாட்சிக்கு இழுத்தார்.

முறையீடு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய திறமான முறையீடு அதுதான். 'மேற்படி நான் ஒரு வாயாடி என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்' என்று முடித்து, சமாதான நீதவான் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "இதுக்கு ஏன் என்ரை சீல், ஊருக்கே தெரியுமெல்லோ" என்று சொல்லிச் சொல்லியே குத்தித் தந்தார். கந்தோரில் வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்தார்கள். மழை வந்து, வெங்காயம் நட்டு, புல்லும் முளைத்த பிறகு ஒற்றை வரியில் பதில் வந்தது. முறையீடு ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

பதில் வந்த மறுநாள் காலை நான் சைக்கிளை ஒழுங்கைக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றேன். அவர் படலையைச் சாத்திவிட்டு வந்தார். தோளில் தண்ணீர்ப் போத்தல் போட்ட பை. முழங்காலைச் சுற்றி ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"தங்கச்சி, இன்னொரு வழி இருக்கு. இந்த முறை நேர கொழும்புக்கே எழுதுவம். விசாரணைக்குக் கூப்பிட்டால் நானும் வந்து கதைக்கிறன்."

"விலத்துங்கோ அண்ணை, வெயில் ஏறுது."