சுடாத கம்பி

எனக்கு எட்டு வயதில் வலது முன்கையில் ஒரு வெளிறிய திட்டு வந்தது. அப்பாவும் அம்மாவும் நாரணாபுரத்தில் கம்பி மத்தாப்பு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வெடிமருந்துத் தூள் பட்டுத் தோல் வெளுத்திருக்கும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும். சீசன் முடியட்டும் என்றார்கள். சிவகாசிப் பக்கம் சீசன் எப்போது முடிந்தது?

அந்தத் தீபாவளிக்கு, எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைச் சிவப்பு அடங்குமுன் வெறும் வலது கையால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். சுடவில்லை. தெருவே வாய் பிளந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்புள்ளைக்கு நெருப்புன்னா பயமே கெடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் எடுத்துக் காட்டினேன். பட்டாசு செய்கிற ஊரில் ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பெயர் ஏது? கொப்புளத்தைக்கூடப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடத்தில் விரல்கள் உள்ளே மடங்கிப்போயின. பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் பார்த்ததுமே சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். தொழுநோய். மாத்திரை இலவசம். ஒரு வருடம் விழுங்கினேன், நோய் போனது. விரல்கள் மட்டும் நிமிரவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம்தான். சும்மா கிடைத்த மாத்திரைக்கு இரண்டு வருடம் பிந்திப் போனோமே.

போன மாதம் தங்கை மகளுக்குத் தலை பின்னிவிடும்போது பிடரிக்குக் கீழே அதே வெளிறிய திட்டைப் பார்த்தேன். தங்கை பட்டாசுப் பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். தேமல்தான் அக்கா என்றாள். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, தீபாவளி முடியட்டும் என்றாள். கடைசியில் உள்ளதைச் சொன்னாள்: வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?

அவளோடு வாதாட எனக்குப் பொறுமையில்லை. பிள்ளையைக் கண்ணை மூடச் சொன்னேன். பேனா முனையால் தொடுவேன், தொட்டதும் சொல் என்றேன். தோளில் தொட்டதும் சொன்னாள். திட்டில் தொட்டேன். பேசாமல் இருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"எப்பத் தொடுவீக, பெரியம்மா?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

தங்கை பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். நான் பிள்ளையின் செருப்பை எடுத்து வாசலில் போட்டேன். பத்து மணி பஸ்ஸில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று ஒரு நாள் வேலை போனது. போகட்டும்.