ஃபோர்மேன் கேட்ட மேளம்

ஓசூரில் ஒரு மனநல மையத்தின் கூடத்தில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாவு மேளம் கேட்டேன். அங்கே யாரும் சாகவில்லை. தூக்கத்தையும் பசியையும் தொலைத்துவிட்டு, எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று வந்த பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். துண்டான விரலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் பதறாதவள் அன்று ஓடிப்போய் மேளத்தை நிறுத்தப் பார்த்தேன். அந்த மேளத்தை அடிக்கச் சொன்னவர் நான் கூட்டிக்கொண்டு போன ஆள், எங்கள் மெஷின் ஷாப் ஃபோர்மேன்.

ஃபோர்மேனுக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவர். வேலையில் கறார்; மேளச் சத்தம் கேட்டால் மட்டும் மனிதருக்குக் கால் நிற்காது. ஆயுத பூஜையன்று லேத்துகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து முடித்ததும் கேட்டுக்கு வெளியே பம்பை தொடங்கும். மேனேஜர் பார்க்கிறாரே என்ற கூச்சமெல்லாம் இல்லாமல் புதுச் சட்டையோடு இறங்கிவிடுவார். ஊரில் அவருடைய ஆட்டம் வேறொன்றுக்குப் பேர்போனது. வயதாகிக் கல்யாணச் சாவாகப் போகிறவர்களின் பாடைக்கு முன்னால் ஆடுவது. சொந்தக்காரரா, பங்காளியா, பகையாளியா என்று பார்க்கமாட்டார். தகவல் வந்தால் பெர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். "பொறக்கறப்ப யாரும் ஆடல சிஸ்டர், போறப்பவாவது ஒருத்தன் ஆட வேணாமா?" என்பார். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் சாவு வீடுகளில் பேண்டு உண்டு, ஜெபமாலை உண்டு, ஆட்டம் கிடையாது. அதைச் சொன்னால், "உங்காளுங்க பேண்டு வச்சுக்கட்டும், நான் ஓரமா நின்னு ஆடிக்கறேன், நீங்க நிம்மதியாப் போங்க" என்று கிண்டல் செய்வார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். முதலில் பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், யார் முந்துகிறார்கள் என்று பிறகு பார்க்கலாம் என்று திருப்பிக் கொடுப்பேன்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். வயது இருபத்தொன்று. மாலை வாங்கிக்கொண்டு ஊத்தங்கரை போனேன். பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடலை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்கவில்லை. கல்யாணமாகாத பிள்ளைக்கு மேளம் எதற்கு என்று ஃபோர்மேனின் அண்ணன் சொல்லிவிட்டார். பெரியவர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஃபோர்மேனை இரண்டு பேர் தோளோடு பிடித்துக்கொண்டு நடத்திப் போனார்கள். பத்து நிமிடத்தில் தெரு காலியாகிவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் அழவும் இல்லை, பேசவும் இல்லை. துக்கம் மெதுவாக ஆறும் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் டூல் உடைந்து மெஷின் அலறிக்கொண்டிருக்கிறது. இவர் எதிரிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து ஆள் ஓடிவந்து சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கிறான். அன்று என் அறையில் உட்கார்ந்து, "காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்கும் சிஸ்டர்" என்று சாதாரணமாகச் சொன்னார். மறுநாளே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். கடுமையான மனச்சோர்வு என்றார் டாக்டர். நிர்வாகம் மூன்று மாதம் விடுப்பு தந்தது. அதற்குள் தேறாவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. வேலை போவதைவிட அவர் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்குப் பயம்.

மாத்திரையோடு, சனிக்கிழமைதோறும் மனநல மையத்தில் நடக்கும் பாட்டு, ஆட்ட வகுப்புக்கும் வரச்சொன்னார் டாக்டர். மருந்துக்கு அது மாற்று அல்ல, உடம்பு கொஞ்சம் அசைந்தால் மனசும் அசையும் என்றார். வகுப்பை நடத்தியவர் பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு இளம் மேடம். நல்ல மனசு, சிரித்த முகம். நான்கு சனிக்கிழமை ஃபோர்மேன் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் மனைவி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார்.

ஐந்தாவது வாரம் ராயக்கோட்டையிலிருந்து ஒரு பறைக் கலைஞரை வரவழைத்திருந்தார்கள். கடைசியாக எந்த இசைக்கு ஆடினீர்கள், இல்லாவிட்டால் எதற்கு ஆட ஆசைப்பட்டீர்கள் என்று மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் மாரியம்மன் பண்டிகை என்றார். ஒரு அம்மா மகள் கல்யாணம் என்றார். ஃபோர்மேன் முறை வந்தது. அவர் எழுந்துபோய்ப் பறைக்காரரின் காதில் ஏதோ சொன்னார். பறைக்காரர் முடியாது என்று தலையாட்டினார். ஃபோர்மேன் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். பறைக்காரர் அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் குச்சியை எடுத்தார்.

நாலு அடி விழுவதற்குள் அது சாவு மேளம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் புரியும். மகள் கல்யாணத்தைச் சொன்ன அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒருவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். மேடத்துக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அது துள்ளலான அடி. தெரியாதவர்களுக்குக் கொண்டாட்டமாகத்தான் கேட்கும். கைதட்டிக்கொண்டே, இது எந்தக் கல்யாணத்தில் அடிப்பது என்று தமிழும் கன்னடமும் கலந்து என்னிடம் கேட்டார். ஃபோர்மேன் ஆடிக்கொண்டிருந்தார். பாடைக்கு முன்னால் ஆடுகிறவர்கள் அதற்கு முதுகு காட்டமாட்டார்கள். இவரும் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தபடி, கைக்குட்டையை உயர்த்தி, அடிமேல் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். அத்தனை மாதத்தில் அவர் அழுது அன்றுதான் பார்க்கிறேன்.

மனுஷன் உடைந்துபோகிறார், நானே கூட்டிவந்து கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பறையைப் பிடித்து நிறுத்தக் கையை நீட்டினேன். அந்தக் கையை அவர் மனைவி பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ. "ஊருக்கெல்லாம் ஆடினாரு, எம்புள்ளைக்கு ஆட விடல. விடுங்க சிஸ்டர். இன்னிக்குத்தான் அவன எடுக்கறோம்."

ஃபோர்மேன் இப்போது வேலையில் இருக்கிறார். மாத்திரையை டாக்டர் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை. குணமாக்கியது மருந்தா மேளமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊத்தங்கரையில் மாலை போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பஸ் ஏறி வந்தவள் நான். அதன் பிறகு பத்து மாதம் அந்தப் பிள்ளை அவர்கள் வீட்டில்தான் கிடந்திருக்கிறான். அவர் முகத்தை அத்தனை நாள் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.