ஜெகதாம்பாள் தண்ணீர் குடித்த கதை

மறைமலைநகரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஜெகதாம்பாளுக்கு ஒரு தனிப் பேர் இருந்தது. ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பாஸ் எடுத்ததில்லை. பாஸ் என்றால் வேறொன்றுமில்லை, கையகல மரக்கட்டை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கக்கூஸ் போகிற பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, லைனில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, குடோனைத் தாண்டி நடக்க வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் கிளம்பலாம். பெண்கள் இருபத்தெட்டுப் பேர், கட்டை ஒன்று. எந்த மகராசன் போட்ட கணக்கோ!

பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். விடியற்காலைக் காபியோடு சரி, ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. அதில் பெருமை வேறு! "நேத்தும் நான் போவலடி" என்று கம்பெனி பஸ்ஸில் பீற்றிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் ஜெகதாம்பாள்தான் முதல் ஆள். ஆயுத பூஜையன்று சூப்பர்வைசர் செங்கல்வராயன் அவளை எல்லார் முன்னாலும் புகழ்ந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார். இவளும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆனி மாதம் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. விலாவுக்குக் கீழே வலி உயிரை எடுத்தது. செங்கல்பட்டில் பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"குடிக்கவே மாட்டேன் மேடம்." அப்போதும் குரலில் அந்தப் பெருமை இருந்தது.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "இடது கிட்னி பாதி போயிடுச்சும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வேலைக்குத் திரும்பியபோது ஜெகதாம்பாள் கையில் இரண்டு லிட்டர் பாட்டில் இருந்தது. தனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக் கூடாது என்று மனசுக்குள் கங்கணம் கட்டியிருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்களின் காதருகே குனிந்து சொல்லிப் பார்த்தாள். "பாத்ரூம் மகாராணி வந்துட்டாங்கடி" என்று சிரித்தார்கள். நாலாம் நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

லைனில் அவளுக்கு அடுத்து ஒயர் கட்டுகிற போர்டு பூவாயியுடையது. சிங்கப்பெருமாள் கோயில்காரி, வெண்கலத் தொண்டை. டேப் சுற்றிக்கொண்டே இவளைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"எவளும் கேக்க மாட்றா பூவாயி. நமக்கேன் வம்புன்னு வுட்டுடலாம்னு கீது."

"காதுல போய் குசுகுசுன்னு சொன்னா எவ கேப்பா? நீ இன்னா திருடிட்டா வந்துகினுகீற? எழுந்து நின்னு சொல்லு. நான் கீறேன் பக்கத்துல."

மறுநாள் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் பஸ் ஏறியதும் பூவாயி நேரே டிரைவரிடம் போனாள். "மோசஸ் அண்ணாத்த, பாட்ட நிறுத்து. எங்க அக்கா பேசப் போவுது." பாட்டு நின்றது. பின் சீட்டில் ஆண்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். ஜெகதாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு மூத்திரத்துல ரத்தம் போச்சு," என்றாள் எடுத்த எடுப்பில். "சொல்ல வெக்கமா கீது. ஆனா செத்துப் போறதுக்கு வெக்கப்படறது தேவலை. அஞ்சு வருஷம் அடக்கினேன். டிபன் பாக்ஸ் குடுத்தாங்க. ஒரு கிட்னி பாதி போயிடுச்சு. தண்ணி குடிங்கடி. வந்தா போங்க. அவ்ளோதான்."

ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்கள். முன் சீட்டிலிருந்து ஒருத்தி மட்டும் மெதுவாக, "ஒரு நாளைக்கு எவ்ளோக்கா குடிக்கணும்?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் அதே பேச்சு. ஒவ்வொரு பையிலும் ஒரு பாட்டில் முளைத்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆணிக்கு எதிரே பதினான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள். லைன் நின்றுபோனது.

செங்கல்வராயன் ஓடி வந்தார். "இன்னா இது, ரேஷன் கடையா? யார் வேலை இது?"

"என் வேலைதான் சார்," என்றாள் ஜெகதாம்பாள். "தண்ணி குடிக்கச் சொன்னேன், குடிச்சாங்க."

"ஒருத்தி போய் வந்தாத்தான் அடுத்தவ போகணும். ரூல் தெரியாது?"

"காலையிலேர்ந்து நீங்க மூணு தடவ போய்ட்டு வந்தீங்க. உங்க கட்ட எங்க சார்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனுஷன் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. விறுவிறுவென்று ஆபீசுக்குள் போனவர் அரைமணி கழித்து டைப் அடித்த மெமோவோடு வந்து அவள் கையில் திணித்தார்.

ஜெகதாம்பாள் மெமோவைப் பிரித்தாள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்தது. பூவாயி டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவளை ஒட்டி வந்து நின்றாள்.

"மனசுக்குள்ள படிக்காதக்கா. எல்லாருக்கும் கேக்கற மாரி படி."

ஜெகதாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'சக பணியாளர்களைத் தண்ணீர் குடிக்கத் தூண்டிய குற்றத்துக்காக, உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது...'"

படிக்கப் படிக்கப் பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. தண்ணீர் குடிக்கத் தூண்டிய குற்றமாம்! இதை உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறான் ஒருத்தன்! கடைசி வரிவரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். வரிசையில் ஒருத்திகூட நகரவில்லை.

"என் பேரயும் சேத்துக்க சார்," என்றாள் பூவாயி. "தூண்டினதுல பாதி நானு."

ஜெகதாம்பாள் பேனாவைக் கேட்டு வாங்கி, மெமோவின் அடியில் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுல ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல சார். எனக்கு ஒரு காப்பி குடுங்க, சாயங்காலம் பஸ்ல படிக்கணும்."