கோல்காரி சாகவில்லை என்றாள்

இந்த வயதில் இதையெல்லாம் படிக்கிறீர்களா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் தோட்டத்து மேனேஜர் ஒருநாள் என் மேசையில் கிடந்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "கிராணி, இது புக்கா, செங்கல்லா?" என்றார். அட்டையில் கடல் வற்றிப்போன ஒரு சேற்றுவெளி. அதன் நடுவில் நீளமான கோலை ஊன்றிக்கொண்டு ஒரு பெண். ஆங்கில நாவல், மொத்தம் ஏழு தொகுதி, ஒவ்வொன்றும் எண்ணூறு பக்கத்துக்குக் குறையாது. ராஜா, சாபம், மந்திரம் எல்லாம் உண்டு. "செங்கல்தான் சார், வீடு கட்டுறேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் எனக்கு எழுத்து வேலை. ஊருக்கெல்லாம் நான் கிராணிதான். அந்த நாவலை என் தலையில் கட்டியவள் என் தங்கை. கல்யாணமாகி ரவாங்கில் இருந்தாள், அங்கேயே ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. முதல் தொகுதியைப் பழைய புத்தகக் குவியலில் கண்டெடுத்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஏழாவது வெளிவந்தபோது காதோரம் நரைத்திருந்தது. அவள் வேகமாகப் படிப்பாள், நான் நத்தை. எப்போதும் ஒன்றிரண்டு தொகுதி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள். நிறுத்திய இடத்தில் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அதற்கு மேல் ஓர் எழுத்து எழுத மாட்டாள். பக்கத்தை மடிப்பவர்களை அவள் மனிதர்களாகவே மதித்ததில்லை.

கதை இதுதான். ஒரு தேசத்தில் கடல் ஒரே நாளில் பின்வாங்கிப் போய்விடுகிறது. கடலைத் தேடி ஒரு கூட்டம் சேற்றில் நடக்கிறது, ஏழு தொகுதிக்கும் நடக்கிறது. எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று கோலால் குத்திப் பார்த்து வழிகாட்டிப் போகிறாள் ஒருத்தி. வாயில் நுழையாத பெயர் அவளுக்கு. நாங்கள் கோல்காரி என்றே வைத்துக்கொண்டோம். மூன்றாம் தொகுதியின் கடைசியில் கோல்காரி புதைசேற்றில் இறங்கிப் போய்விடுகிறாள். கோல் மட்டும் மேலே நிற்கிறது.

"போனவ போனவதான். முடிஞ்சிருச்சி" என்றேன் நான்.

"பொணத்த காட்டுனாங்களாண்ணே? காட்டல இல்ல? அப்ப சாகல லா. இந்த மாதிரி கதையில அதான் சட்டம்."

ஏழெட்டு வருடம் இதே சண்டை. தீபாவளிக்கு வந்தாலும் இதே பேச்சு. மச்சான், அதாவது அவள் கணவர், எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை எல்லோரும் பாகான் நக்கோடா ஓமாருக்கு மீன் சாப்பிடப் போயிருந்தோம். கடல் வற்றிய நேரம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறு. இவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் வரை இறங்கிவிட்டாள். "இதாண்ணே அந்த எடம்" என்று அங்கிருந்து கத்துகிறாள். கடைக்காரர்கள் பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி, அதுதான் அந்த இடம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள். சின்னக் கதையில் ஒருவன் அழுதால் நான் பார்க்கிறேன், அவ்வளவுதான். இதில் ஒருவன் அழுதால் நாலு வருடத்துக்கு முன்னால் அவன் எதை இழந்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே இருந்தேன். அதற்குள் எனக்கும் ஏதாவது போயிருக்கும். அவர்கள் நடந்த காலம் என் காலத்திலிருந்து எடுத்ததுதான். சபாக் பெர்ணம் போகும் சாலையைவிட அந்தச் சேற்றுப் பாதை எனக்கு நன்றாகத் தெரியும் என்றால் அது பைத்தியம் இல்லை, பழக்கம்.

புத்தகத்தின் சட்டம் அப்படி. எங்கள் அம்மாவின் சட்டம் வேறு. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உச்சிப் பொழுதில் காட்டுக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது என்பார். கெட்டது இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுசன். நானும் தங்கையும் இதைக் கைப்பேசி காலத்துக்கும் கொண்டுவந்துவிட்டோம். எங்கள் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது மத்தியானம் ஒரு மணிக்கு மேல். அது எங்கள் இருவருக்கும் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அவள் அழைத்தால் முதல் இரண்டு தடவை நான் எடுக்க மாட்டேன், நான் அழைத்தால் அவளும் எடுக்க மாட்டாள். மூன்றாவதுக்கு எடுத்து, "மனுசன்தானா?" என்று கேட்போம். ஒங்க குடும்பத்துக்கே மறை கழண்டுருச்சி என்பார் மச்சான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஐந்தாம் தொகுதியின் நடுவில் இருந்தேன், அவள் ஏழில். மத்தியானத்தில் நான் படிப்பது பழைய ஆயாக்கொட்டகையில். தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போன இடம் அது. இப்போது குழந்தைகளும் இல்லை, ஆயாவும் இல்லை. உத்தரத்தில் தூளி கட்டிய இரும்புக் கொக்கிகள் மட்டும் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு மணி நாலு நிமிடத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது. அவள்தான். விட்டேன். ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு மறுபடியும். விட்டேன். விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வேலை வந்திருக்கும் என்று நினைத்து மேலே படித்தேன். பதினாலு பக்கம் படித்தேன். அந்தப் பதினாலு பக்கத்திலும் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அதற்காக என்னை நானே அறைந்துகொண்டிருக்கிறேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தாளாம். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. சில நிமிடம் நினைவு இருந்திருக்கலாம், அதற்கு முன்பே தலைவலி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம், இருந்திருக்கலாம். நான் கேட்க நினைத்தது ஒன்றுதான், அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. "அண்ணே, எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொல்லத்தான் கூப்பிட்டாளா? அம்மாவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் அவளைச் சாகவிட்டேனா?

அவள் உடலை எனக்குக் காட்டினார்கள். நெற்றியில் பொட்டுகூடக் கலையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மச்சான் ஏழாம் தொகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார். "மடியில இருந்திச்சி மச்சான். மூடித்தான் இருந்திச்சி. எனக்குத் தொறக்கப் புடிக்கல. ஒங்ககிட்ட இருக்கட்டும்." அவள் கடைசியாக நிறுத்திய இடத்தில் ஒரு புள்ளி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எதற்காகக் கூப்பிட்டாள் என்று ஒருவேளை தெரியலாம். உடனே புரட்டிப் பார்த்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்குப் பயம். அதோடு, நடுவில் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தைத் தாண்டிக் குதித்துப் போய்ப் பார்த்தால் அது அவள் பார்த்த பக்கமாக இருக்காது. வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். அவள் வந்த வழியிலேயே நடந்து போய்த்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் குரல் வந்தது ஆறாம் தொகுதி தொடங்கிய வாரத்தில். வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்கு மேல். செம்பனை வரிசைகளுக்கு அந்தப் பக்கம், தூரத்தில். "அண்ணே." சற்று விட்டு மறுபடி, "அண்ணே." மூன்றாவது இல்லை.

இந்த நாட்டில் தமிழனை யார் வேண்டுமானாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். மலாய்க்காரர், சீனர், குலை வெட்ட வந்திருக்கும் வங்காளதேசத்து ஆட்கள், எல்லோருக்கும் நான் அண்ணே. அதனால் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் குலை வெட்டும் ஆட்களில் ஒருவரிடம், மத்தியானம் என்னைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். "நான் இல்ல அண்ணே. இன்னிக்கி ஜுமாத். எல்லாரும் மஸ்ஜிட் போச்சி" என்றார். அது எனக்கே தெரிந்த விஷயம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது.

அடுத்த வெள்ளியும் வந்தது. அதற்கடுத்த வெள்ளி புத்தகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துப் போனேன். குரல் வரவில்லை. மறு வாரம் புத்தகத்தோடு போனேன், வந்தது. எப்போதும் இரண்டு தடவை. அவள் குரலா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பக்கங்கள் குறையக் குறையக் குரல் பக்கத்தில் வந்தது. ஆறாம் தொகுதி முடியும்போது சாலை ஓரத்துக் கால்வாயருகில் கேட்டது. ஏழின் தொடக்கத்தில் கொட்டகையின் பின்சுவருக்கு வெளியே. சுவரில் ஜன்னல் இருக்கிறது, எழுந்து இரண்டடி வைத்தால் பார்த்துவிடலாம். நான் எழவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முனியாண்டி கோயில் கமிட்டியில் இருக்கிறேன், உரம் திருட வந்த ஆட்களைத் தனியாகத் துரத்தியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமே. வேறு இடத்தில் போய்ப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. குரல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

எட்டு மாதம் ஆயிற்று அந்தக் கடைசிப் புள்ளியை அடைய. அதுவும் வெள்ளிக்கிழமைதான்.

அந்தப் பக்கத்தில் கூட்டத்தில் மீந்தவர்கள் பனியில் வழி தெரியாமல் நிற்கிறார்கள். கடல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. இனி நடக்கப் போவதில்லை என்று ஒரு கிழவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அப்போது சேற்றில் குத்தும் சத்தம் கேட்கிறது. ஒரு குத்து, சற்று நிதானம், இன்னொரு குத்து. கால் வைக்கும் முன்னால் இடம் பார்க்கும் கோலின் சத்தம். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாலு தொகுதிக்கு முன்னால் புதைந்து போனவள் பனிக்குள்ளிருந்து நடந்து வருகிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன்.

புள்ளி இருந்தது. காகிதம் துளைக்கும் அளவுக்கு அழுத்தி வைத்த புள்ளி. அதன் பக்கத்தில், புத்தகத்தில் ஓர் எழுத்தும் எழுதாதவள், தமிழில் ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். "பாத்தியா". கடைசியில் இருந்த துணைக்கால் சரியாக முடியவில்லை. கீழே இழுபட்டுப் பக்கத்தின் அடிவரை கோணலாகப் போயிருந்தது.

ஜெயித்துவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால், வாய்க்குள் நிற்காத அந்த வார்த்தையைப் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறாள். வலியில் கூப்பிடவில்லை. சந்தோஷத்தில் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் இல்லாமல் போனேன். எது பரவாயில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

பிறகு காத்திருந்தேன். இந்தத் தடவை முதல் குரலுக்கே பதில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆமாம்மா, நீ சொன்னதுதான் சரி. அதைச் சொன்னால் போதும். மணி ஒன்றரை ஆனது. பின்சுவருக்கு வெளியே ஓர் ஓலைகூட அசையவில்லை. அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை.

எழுந்து வெளியே போனேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, நிழல் காலடியில் கிடக்கும் வெயிலில் நின்றுகொண்டு, சின்ன வயதில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. அவளும் அதே அம்மா வளர்த்த பிள்ளைதான், இரண்டு தடவைக்கெல்லாம் வாய் திறக்க மாட்டாள். இந்தப் பக்கம் நிற்பது உயிருள்ள ஆள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.