தானாக விழாத பழம்

கல்லூரி விடுமுறையில் கல்லறுக்கும் ஆலைக்கு வேலை கேட்டுப் போனபோதுதான் இதை எழுதுகிறவன் வெல்டா ஹாக்கெட்டை முதலில் பார்த்தான். ஆலை அலுவலகத்தில் அவள்தான் எல்லாம். தொலைபேசிக் கம்பி எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டே பேசுவாள். பத்தொன்பது வருடம் அப்படி ஓடியவளை, ஆலையை மூடிய அன்று ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரக் கடைசியில்தான் வருவான். கோடை முடிவதற்குள் வெல்டா பரணை மூன்று முறை ஒதுக்கினாள். நன்றாக இருந்த வேலிக்கு மறுபடி வண்ணம் பூசினாள். தபால்காரர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் போய் நின்றாள். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும், அங்கே யாராவது தன்னை எதிர்பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோழி ராக்ஸியிடம் புலம்பினாள்.

அக்டோபரில் ஒரு வழி தெரிந்தது. க்ளென் டட்டில் தன் உணவகத்துக்கு இனிப்பு செய்ய ஆள் தேடினான்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு தட்டு பெர்சிமன் புட்டிங் கொண்டுவா. நல்லா இருந்தா வேலை உனக்குத்தான்."

பெர்சிமன் என்பது ஆரஞ்சு நிறச் சின்னப் பழம்; தெற்கு இண்டியானாவில் அதன் கூழில் செய்யும் அந்தப் புட்டிங் இல்லாமல் இலையுதிர்காலம் கிடையாது. அதற்கு ஒரே சட்டம்தான். பழம் தானாக விழ வேண்டும். பறிக்கக் கூடாது, மரத்தை ஆட்டக் கூடாது. அந்த வருடம் பார்த்துக் குளிர் பிந்தியது, பழம் கனிவதும் பிந்தியது. வெல்டா நாளுக்கு ஐந்து நடை வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தடிக்குப் போனாள். இரண்டு கை கொள்ளும் அளவுக்குக்கூடத் தேறவில்லை.

வியாழன் நண்பகலில் ராக்ஸி பழம் மசிக்கும் தன் கூம்புச் சல்லடையோடும் மரக்குழவியோடும் வந்தபோது மேசைமேல் ஒரு வாளி நிறையப் பழம்.

"அம்மாடி! நேத்து வரைக்கும் ஒண்ணும் விழலைன்னு அழுதியே?"

"ராத்திரி காத்தடிச்சுது."

"எங்க பக்கம் ஒரு இலை அசையலை. உன் மரத்துக்கு மட்டும் தனிக் காத்தா?"

"வாயை மூடிக்கிட்டு மசிடி. நேரமாகுது."

ராக்ஸி ஒரு பழத்தின் தலையிலிருந்த பச்சைக் குல்லாயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கனிந்த பழமென்றால் தொட்டதுமே கழன்றிருக்கும். அவள் நிமிர்வதற்குள் வெல்டா ஒரு கரண்டிக் கூழை நீட்டினாள்.

"நக்கிப் பாரு. தேனா இல்லையா?"

இனிக்கத்தான் செய்தது. ராக்ஸி அதற்குமேல் கேட்கவில்லை. சர்க்கரை, மோர், முட்டை, மாவு, சோடா உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். தட்டு அடுப்புக்குள் போன பத்தாவது நிமிடம் வெல்டா கதவைத் திறந்தாள்.

"மூடுடி! நீ முறைச்சா அது சீக்கிரம் வெந்துடுமா?"

"வாசனையே வரலையே."

"வரும். முதல்ல நீ அந்தப் பக்கம் போ, தலை சுத்துது."

மூன்று மணிக்கு வெளியே எடுத்தார்கள். நல்ல கருஞ்சிவப்பு. ராக்ஸி ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் கோணியது. பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரைப்பழம் வேகவைக்காமல் தின்றால் இனித்து ஏமாற்றும். சூடு பட்டதும் உள்ளேயிருந்த துவர்ப்பெல்லாம் எழுந்துவரும். இரண்டு பேருக்குமே பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்த சங்கதி அது.

"மரத்தை ஆட்டினியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"காரை விட்டு இடிச்சேன்."

ராக்ஸிக்குச் சிரிப்பு வந்தது, உதடு ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் குடித்ததும் கோபம் வந்தது.

"போன வருஷக் கூழ் என் ஃப்ரீசர்ல கிடக்கு. கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேக்குற அளவுக்குப் பொறுமை இருந்தா காரை எதுக்கு எடுக்கிறேன்?"

இனி இன்னொன்று வேகவைக்க நேரமில்லை. "மேல கிரீமை அப்பிக் குடு," என்றாள் ராக்ஸி. பிறகு, "இல்ல, உடம்பு சரியில்லைன்னு ஃபோன் பண்ணிடு." வெல்டா ஃபோனைக் கையில் எடுத்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக் காலை எங்கே போவது என்று நினைத்தாள். ஃபோனை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உணவகத்தில் க்ளென் புட்டிங்குக்குள் கரண்டியை விட்ட பிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"தின்னாத க்ளென். மரத்தை இடிச்சுட்டேன்."

அவன் கரண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரு வாய் தின்றான். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"இதைப் போய் எவனுக்கும் விக்க முடியாது," என்றான். "புட்டிங்கைப் பாதிரியார் சம்சாரம் பண்ணட்டும். அவங்க ஒரு தட்டு குடுத்தனுப்பியிருக்காங்க." வெல்டா தட்டை மூடத் தொடங்கினாள். "காலையில அஞ்சு மணிக்கு ரொட்டி போடறவன் போன வாரம் நின்னுட்டான். வர்றியா?"

"எப்ப?"

"நாளைக்கு."

"இன்னிக்கு ஏதாவது இருக்கா?"

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. வெல்டா ஹாக்கெட் அந்த உணவகத்தில் வாரம் ஆறு நாள் காலை ரொட்டி சுடுகிறாள். புட்டிங் இன்னும் பாதிரியார் மனைவிதான் செய்கிறார்.