ஒரு மிடறு குறைந்த ஸ்பிரிட்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறுகிற பாதையில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்கி, கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை எனக்கு. நிரந்தரமாகவில்லை. ஸ்டோர் கிளாக்கர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் திரும்பவும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத்தான்.

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். தோட்டத்து ஆள் என்றால் குடிகாரன் என்பது அவர் கணக்கு. என் அப்பா குடித்தார்தான். கசிப்புச் சாராயத்தைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடப்பார். காலில் ஏறிய அட்டைகளை நானும் அம்மாவும் உப்புப் போட்டு எடுப்போம். அதனாலேயே நான் அந்தச் சாமானைத் தொட்டதில்லை. அது கிடக்கட்டும், ஸ்பிரிட்டுக்கு வருகிறேன்.

ஆராய்ச்சி செய்கிற யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் அங்கே ஸ்பிரிட்டிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தார். நிக்கல் ஏற்றிய சின்ன உருண்டைகளைக் குழாயில் போட்டுச் சூடாக்கி, தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டை ஆவியாக உள்ளே விடுவார். மறுமுனையில் வரும் வாயுவைக் கொஞ்சம் பிடித்து நெருப்புக் காட்டினால் டப்பென்று வெடிக்கும். மற்ற வேலைக்கு வரும் ஸ்பிரிட் ஊதா நிறம், நாற்றம் வேறு. யாரும் குடிக்க மாட்டார்கள். நிக்கலுக்கு அழுக்கு ஆகாது என்று இதற்கு மட்டும் சுத்தமான ஸ்பிரிட், குடித்தால் போதை ஏறும். கிளாக்கர் அதை அலுமாரியில் பூட்டி வைத்து, காலையில் ஒரு குவளை அளந்து தருவார். நான் மேலே கொண்டுபோய் ஒரு குவளை தண்ணீர் கலந்து வைப்பேன்.

ஒருநாள் அவர் படியேறி வந்து, கலந்ததை அளந்தார். இரண்டு குவளை இல்லை. ஒரு மிடறு குறைந்தது.

"எங்கடா மிச்சம்? வயித்துக்குள்ளயா?"

"சத்தியமா குடிக்கல ஐயா."

"வாயை ஊது."

எல்லாரும் பார்க்க அவர் மூக்குக்கு நேரே ஊதினேன். மறுநாளும் குறைந்தது. மறுநாளும் ஊதினேன். வாசம் வராததற்கு, "ஏலக்காய் மென்னுருக்கான்" என்றார். கடைசியில் என் சட்டையைப் பிடித்து சேரிடம் இழுத்துப் போனார்.

"சேர், இவன் தினமும் குடிக்கிறான். இன்னைக்கே இவனை நிப்பாட்டணும்."

சேர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம், குறையும்தானே. தண்ணியும் ஸ்பிரிட்டும் கலந்தால் சுருங்கும்." பிறகு, எங்களைத் துரத்துவதற்காகவே, எழும்பி வந்து தானே இரண்டையும் அளந்து ஊற்றினார். அதே மிடறு குறைந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் ஊதுறப்ப நீங்க இங்கனதான சேர் இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் நிக்கலைப் பாக்கிறதோ, உங்கட சண்டையைப் பாக்கிறதோ?"

கிளாக்கராவது மன்னிப்புக் கேட்டாரா? "இன்னைக்குச் சுருங்குது, சரி. நேத்து இவன் குடிக்கலன்னு யாரு கண்டா?"

"அப்ப நாளையிலேருந்து நீங்களே தூக்கிட்டு வந்து ஊத்துங்க" என்றேன்.

"அது நல்லது" என்று சேர் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை மழை. கிளாக்கர் ஸ்பிரிட்டைச் சுமந்து, காலில் அட்டையோடு, மூச்சு வாங்க ஏறி வந்தார். அவரே ஊற்றினார், அவரே கலந்தார். நான் குனிந்து குவளையைப் பார்த்தேன். பிறகு முகத்தை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

"குறையுதே ஐயா. எங்க, ஊதுங்க."