பதினேழாம் பத்தி

எனக்கு இங்கிலீஷில் ஒரு பத்தி மனப்பாடமாகத் தெரியும். எந்த நேரத்தில் கேட்டாலும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பேன். மனப்பாடம் செய்தவை மொத்தம் முப்பது. மற்ற இருபத்தொன்பதும் ஒரு வருடத்துக்குள் மறந்துபோயின. இந்தப் பதினேழாம் பத்தி மட்டும் போக மாட்டேன் என்கிறது. போய்த் தொலைந்தால் தேவலை.

நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் ஒன்றில் மட்டும் தோற்றவள். மற்ற நாலு பாடமும் அப்போதே தேறிவிட்டேன். இந்த ஒன்றை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதிப் பார்த்தும் வரவில்லை. பதினெட்டு வயதில் கல்யாணம் செய்து பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எனக்கும் இங்கிலீஷுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மஞ்சள் வெட்டவும் மரவள்ளிக் குச்சி நடவும் அது தேவைப்படவும் இல்லை. யாராவது படிப்பைக் கேட்டால் பத்தாவது என்பேன். பாஸா பெயிலா என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.

முப்பத்தொன்பது வயதில் அந்தப் பழைய பகையை மறுபடி கிளறியதற்குக் காரணம் எங்கள் ஊர் பால்வாடி. அங்கே ஆயாவாக இருந்தவர் சித்திரையோடு ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் பத்தாவது பாஸ் வேண்டும், வயது நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது என்றார்கள். எனக்கு ஆனி மாதம் நாற்பது முடிகிறது. பங்குனியில் நடக்கும் தேர்வை எழுதினால்தான் உண்டு. அதில் தவறி, மறுதேர்வு எழுதி, சர்டிபிகேட் கைக்கு வருவதற்குள் வயது தாண்டிவிடும். ஆக எனக்கு இருந்தது ஒரே தேர்வு, ஒரே பாடம்.

அந்த வேலை மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கூரைக்குக் கீழே வேலை. நிமிர்ந்து நின்று செய்யும் வேலை. இருபது வருடம் குனிந்தே கிடந்த இடுப்புக்கு அது என்ன என்று குனிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தர்மபுரியில் ஒரு டுடோரியல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. மாடி அறை, நாலு பெஞ்சு, சுவரெல்லாம் பாஸான பிள்ளைகளின் போட்டோ. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலக் கல்யாணமான பெண்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வத்தல்மலைக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். மலை மேலே ராகி, சாமை பயிரிடுகிறவள், ஞாயிறு காலையில் கீழே இறங்கி வருவாள். அவளுக்கும் இங்கிலீஷ் ஒன்றுதான் பாக்கி.

சார் நல்ல மனிதர். சத்தம் போட்டதே இல்லை. முதல் நாளே கணக்காகச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க. வர வைக்கறதுக்கு நமக்கு நேரமும் இல்ல. முப்பத்தஞ்சு வாங்கணும், அவ்வளவுதான். கடைசி கேள்வில ஒரு பத்தி குடுத்து நாலு கேள்வி கேப்பாங்க. எட்டு மார்க்கு. பத்திய உக்காந்து படிக்காதீங்க. கேள்வில இருக்கற வார்த்த பத்தியில எங்க இருக்குதுன்னு தேடுங்க. இருக்கற வரிய அப்படியே தூக்கி எழுதுங்க."

மலைக்காரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தடவிக்கொண்டே போவாள், கிடைத்ததும் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாள். எனக்கு அது கைகூடவில்லை. ஒரே அளவில் வரிசையாக நிற்கும் எழுத்துகளைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும். மூன்றாவது வரியைத் தேடும்போது முதல் வரி எங்கே போனது என்று தெரியாது.

ஆனால் எனக்கு ஞாபகசக்தி உண்டு. பள்ளிக்கூடத்தில் மற்ற நாலு பாடத்தையும் நான் தாண்டியது அப்படித்தான். கமா, முற்றுப்புள்ளி உட்பட விழுங்கிவிட்டு அப்படியே கக்குவேன். சார் அதைக் கண்டுபிடித்து, முப்பது பத்திகளும் அவற்றின் கேள்வி பதில்களும் அச்சடித்த ஒரு தாள்கட்டை என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு இதுதான் வழிங்க. இதுலருந்து ஒண்ணு வந்தாலும் வரும்."

"அர்த்தம் சொல்வீங்களா சார்?"

"முப்பதுக்கும் அர்த்தம் பாத்தா பங்குனி போயிடுங்க."

அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றிரண்டாவது சொல்லியிருப்பார். எனக்கே அர்த்தம் என்பது ஒரு வீண் சுமையாகத்தான் பட்டது.

தை பிறந்ததும் மஞ்சள் வெட்டு ஆரம்பித்துவிட்டது. வெட்டி, மண் உதறி, உருண்டையான குண்டு வேறு, நீளமான விரலி வேறாகப் பிரித்து, டிரம்மில் போட்டு வேகவைத்து, களத்தில் கொட்டிக் காயவைக்கிற வேலை. இரண்டு மாதத்துக்குக் கை, நகம், புடவை நுனி எல்லாம் மஞ்சள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் ஒப்பிப்பேன். பத்திகளை ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பதில்களுக்கு மட்டும் ஸ்பெல்லிங்கையும் எழுத்து எழுத்தாக உருப்போட்டேன். கூட வேலை செய்தவர்கள், "என்னாக்கா, மந்திரம் சொல்றீங்களா?" என்று கேலி செய்வார்கள். "ஆமாடி, உங்க வாய கட்டறதுக்கு" என்பேன். வூட்டில் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். மகள் ஒன்பதாவது. தர்மபுரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளிடம் சொல்லவில்லை. அம்மா பத்தாவது பாஸ் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாஸாகிவிட்டால் அது உண்மையாகிவிடும், அப்புறம் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன்.

பதினேழாம் பத்தி இப்படித் தொடங்கும்: "டர்மரிக் ஹேஸ் எ லாங் ஹிஸ்டரி." ஹிஸ்டரி என்றால் சரித்திரம் என்பது எனக்குத் தெரியும். சரித்திரம் என்றால் ராஜா. ஆகையால் டர்மரிக் என்பவர் ஒரு ராஜா என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெயரைக் கேட்டால் துருக்கிப் பக்கத்து ராஜா மாதிரி இருந்தது. டிரம் கொதித்து வெள்ளை நுரை தள்ளும்போது, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த ராஜாவின் கதையைப் பன்னிரண்டு வரியும் சொல்வேன். தலைப்பாகை, தாடி எல்லாம் வைத்து ஓர் ஆளை மனசுக்குள் உருவாக்கியும் விட்டேன். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

தேர்வு தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலையில் எலுமிச்சம்பழம், சோப்பு, கல் உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் விரலில் நிறம் போகவில்லை. மலைக்காரி எனக்கு முன்வரிசையில் இருந்தாள். எங்கள் காலத்தில் இங்கிலீஷுக்கு இரண்டு பேப்பர், இப்போது ஒன்றுதான். பாதிப் பாரம் குறைந்தது என்று அதற்கும் ஒரு சந்தோஷம்.

கேள்வித்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே முதலில் பத்து நிமிடம் தருகிறார்கள். நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். டர்மரிக் ஹேஸ் எ லாங் ஹிஸ்டரி.

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முப்பதில் ஒன்று வந்தாலும் வரும் என்றார், வந்துவிட்டது. இரண்டாவது வரியைப் பார்த்தேன், அதே. கடைசி வரி, அதே. என் ராஜா என்னைக் கைவிடவில்லை. மீதி நேரம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு நாலு பதில்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மணி அடித்ததும் முதலில் அதைத்தான் எழுதினேன். அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. ஒவ்வொரு பதிலுக்குக் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

மேற்பார்வைக்கு வந்த சார் பேப்பரில் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தவர் என் விரல்களைப் பார்த்தார்.

"என்னம்மா, மஞ்ச வேவிக்கற வேலையா?"

"ஆமாங்க சார்."

அவர் என் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். சிரித்தார். "அப்ப உங்களுக்கு என்னம்மா கவல" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இந்த வயசில் கூலிக்காரிக்குப் பரீட்சை ஒரு கேடா என்று கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். காது சூடாகிவிட்டது. அந்த ஆத்திரத்தில் மற்ற கேள்விகளையும் விறுவிறுவென்று எழுதினேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். நான் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். மலைக்காரிதான் முகம் வாடி இருந்தாள்.

"கடைசி பத்தியில மூணு கேள்விக்கு வரிய கண்டுபுடிச்சிட்டன்க்கா. நாலாவதுக்கு வார்த்தயே கெடைக்கல. சும்மா ஒரு வரிய எழுதி வுட்டுட்டன்."

"நாலாவதா? அது சுலபமாச்சே," என்று நான் ஒப்பித்துக் காட்டினேன். பெரிய மனுஷி மாதிரி.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் கேள்வித்தாளை எடுத்து விரித்து, விரலை வைத்து நாலாவது கேள்வியைத் தடவினாள். "நீங்க சொல்ற மாதிரி இங்க ஒண்ணும் இல்லியேக்கா."

எனக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் உருவம் தெரியும். என் தாள்கட்டில் இருந்த நாலாவது கேள்வி டபிள்யூவில் தொடங்கி ஒன்றரை வரி போகும். இது ஹெச்சில் தொடங்கி அரை வரியில் முடிந்தது. முதல் கேள்வியைப் பார்த்தேன். அதுவும் என்னுடையது இல்லை. இரண்டு இல்லை. மூன்று இல்லை. பத்தி என்னுடையது, கேள்வி நாலும் வேறு யாருடையதோ. படித்துப் பார்க்கவென்று பத்து நிமிடம் கொடுத்தார்களே, அதில் நான் அந்த நாலு வரிகளின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. எதற்குத் திருப்ப வேண்டும்? பதில்தான் தெரியுமே.

டீயைக் கீழே ஊற்றினேன். மலைக்காரி, "மத்ததுல வந்துரும்க்கா" என்று சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. மலைக்காரி முப்பத்தாறு. போனில் அழுதுகொண்டே சொன்னாள். நல்லா இரு சாமி என்று வாயால் சொன்னேன், வயிறு எரிந்தது. நான் முப்பத்தொன்று. டுடோரியல் சாருக்குப் போன் போட்டேன். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிடலாம் என்றார். வயது விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பால்வாடிக்கு அந்த வருடமே வேறொருத்தி வந்துவிட்டாள். நல்ல பெண், தங்கமான குணம். காட்டு வேலைக்குப் போகும்போது தினமும் அவளைப் பார்க்கிறேன். சிரிப்பாள், நானும் சிரிப்பேன்.

ரிசல்ட் வந்த அன்று மகள் லீவுக்கு வூட்டில்தான் இருந்தாள். நான் போனில் அழுததைக் கேட்டுவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "அந்த கொஸ்டின் பேப்பர் இருக்குதாம்மா?" என்றாள். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தைப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ம்மா, டர்மரிக்னா என்னான்னு தெரியுமா?"

"யாரோ ராஜா."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "இதாம்மா," என்றாள். அப்புறம் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ஆதி காலத்திலிருந்து விளைகிறது, வெட்டுகிறார்கள், வேகவைக்கிறார்கள், காயவைக்கிறார்கள், டிரம்மில் போட்டு உருட்டி மெருகேற்றுகிறார்கள். நான் இரண்டு மாதம் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நான் செய்துகொண்டிருந்த வேலையையே எனக்குத் தெரியாத பாஷையில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். மேற்பார்வை சார் எதற்குச் சிரித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாவம், நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார்.

மகள் சும்மா இருந்திருக்கலாம். சின்னப் பெண், விளையாட்டாக நினைத்துவிட்டாள்.

"கேள்விய தமிழ்ல கேக்கறன், சொல்லும்மா. மஞ்சள எதுக்கு வேவிக்கறாங்க?"

"பச்சையா வுட்டா மொளச்சுக்கும். வெந்தாதான் ஒரே சீரா காயும், நெறம் உள்ளாற பரவும்."

"குண்டையும் விரலியையும் ஏன் தனித்தனியா போடறாங்க?"

"விரலி சீக்கிரம் வெந்துரும். ஒண்ணா போட்டா அது கொழஞ்சிரும், குண்டு வேவாது."

"எத்தன நாள் காயணும்?"

"வெயில் அடிச்சா பத்து, மந்தாரமா இருந்தா பாஞ்சு."

"வெந்துடுச்சுன்னு எப்பிடி தெரியும்?" அவள் விரல் நாலாவது கேள்வி மேல் இருந்தது.

"வெள்ள நொர தள்ளும், வாசன மாறும். ஈர்க்குச்சிய குத்திப் பாத்தா சுளுவா எறங்கும்."

அவள் பத்தியில் சரிபார்த்தாள். "ஈர்க்குச்சி மட்டும் இதுல இல்லம்மா. மத்ததெல்லாம் கரெக்ட்," என்றாள். பிறகு, விடுதியில் தோழிகளுக்குத் திருத்துகிற பழக்கத்தில், பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எட்டு என்று போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, அதற்கும் கீழே இன்னொரு எட்டுப் போட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது நாலு.